வலியும் அருளும்: குழந்தையின் முதல் மருத்துவச் சந்திப்பும் சைவ சித்தாந்தமும்

குழந்தையைப் புதிய மருத்துவரிடம் முதன்முறை அழைத்துச் செல்லும் பெற்றோர் முன் சமயம் சார்ந்த இரண்டு வினாக்கள் எழுகின்றன. நோய் வினைப்பயன் என்றால், மருத்துவம் அதற்குக் குறுக்கே நிற்பது ஆகாதா? காரணம் அறியாத குழந்தைக்கு நன்மை கருதி வலி தரலாம் என்றால், அந்த வலியைப் பற்றிக் குழந்தையிடம் என்ன சொல்வது? கடலூர், சிதம்பரம் வட்டாரம் இவ்வினாக்களை நெடுங்காலமாகச் சிந்தித்த மண். சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைத் தந்த மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்தவர். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் பண்ருட்டிப் பக்கத்துத் திருத்துறையூரைச் சேர்ந்தவர். உமாபதி சிவம் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கிறது. இப்பிறவிக்கென வந்த பிராரத்தத்தை நுகர்ந்தே தீர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இதைத் தவறாகப் பிடித்துக்கொண்டால், பிறர் துன்பத்தைத் துடைப்பது இறைவன் ஆணைக்கு மாறு என்ற முடிவுக்குப் போய்விடலாம். சிதம்பரம் அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இந்த வாதத்தை நேரடியாக மறுத்தார். சிறையில் இருக்கும் பெருங்குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். ஆகவே வினையால் வருந்துபவருக்கு உதவுவது இறை ஆணைக்கு உட்பட்டதே என்பது அவர் தந்த விளக்கம். இந்தக் கருத்தின் வழியில் 1867இல் வடலூரில் பசித்தோருக்கு உணவளிக்கும் தருமச்சாலையைத் தொடங்கினார். பசியைப் பற்றியே அவர் மிகுதியாகப் பேசினாலும், சீவகாருணியம் (உயிர்களிடத்து இரக்கம்) தீர்க்க வேண்டிய துன்பங்களில் பிணியையும் சேர்த்தே சொன்னார்.

திருவதிகையில் அப்பரின் சூலைநோய் இறையருளால் தீர்ந்த வரலாற்றை மருத்துவத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் உண்டு. பெரியபுராணம் சொல்வது இறைவன் ஓர் அடியாரை ஆட்கொண்ட வரலாறு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதற்கான விதி அதில் இல்லை. நெற்றியில் திருநீறு பூசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தாய் எந்த முரண்பாட்டையும் செய்யவில்லை.

வலி தருவது பற்றிய இரண்டாவது வினாவுக்கு அருணந்தியின் சிவஞான சித்தியாரே வழிகாட்டுகிறது. மருத்துவர் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கிறார். சிலவற்றை இனிப்பும் பாலும் கொடுத்துத் தீர்க்கிறார். அதுபோல் இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான் என்கிறது அந்நூல். வலி தருவதும் அருளாக இருக்கலாம் என்ற இந்தக் கருத்து தடுப்பூசிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. இறைவன் முற்றறிவு உடையவன். பெற்றோரும் மருத்துவரும் சிற்றறிவினர். முற்றறிவு இல்லாதவர் வலி தரும் உரிமையை எடுத்துக்கொண்டால், கூடவே இரண்டு கடமைகளையும் ஏற்க வேண்டும். ஒன்று, தெரிந்துகொள்ளக்கூடிய எதையும் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. மற்றொன்று, குழந்தையிடம் உண்மை பேச வேண்டும்.

முதல் கடமை முன்னேற்பாட்டில் அடங்கும். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறது திருக்குறள். கைக்குழந்தையின் விஷயத்தில் நோயாளிக்குப் பேச்சு வராது. அதனால் உடனிருப்பவரே நோயாளியின் வாயாகவும் இருக்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடை, தடுப்பூசி அட்டை, முன்பு எழுதித் தந்த மருந்துச் சீட்டுகள், ஒவ்வாத மருந்தும் உணவும், குடும்பத்தில் உள்ள நோய்கள், நாட்டு மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அந்த விவரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பிறந்தவுடன் தொடங்கி 6, 10, 14 வாரங்கள், 9 மாதம் எனத் தவணைகள் தொடர்கின்றன. புதிய மருத்துவர் எதிலிருந்து தொடர்வது என்பதை அந்த அட்டையே சொல்லும். கடலூரின் தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் சிதம்பரம் மருத்துவமனைக்குப் போனாலும் இதில் மாற்றம் இல்லை.

இரண்டாம் கடமையில் ஒரு தடை எழும். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு ஒப்பாகும் என்று திருக்குறள் இடம் தருகிறதே, 'ஊசி வலிக்காது' என்று சொன்னால் என்ன? அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இந்தப் பொய் அதை நிறைவேற்றாது; வலித்த மறுகணம் குழந்தை தாயின் சொல்லை நம்ப மறுக்கிறது. அடுத்த முறை வாசலிலேயே அழுகிறது. 'சொன்னபடி கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்' என்ற மிரட்டலோ இன்னும் கேடு. நோய் தீர்க்க வருபவரைத் தண்டிக்க வருபவராக அது மாற்றிவிடுகிறது. 'கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும், நான் கூடவே இருப்பேன்' என்பது உண்மையும் ஆறுதலும் சேர்ந்த சொல். தடுப்பூசி வலியைக் குறைக்க, பெற்றோர் அருகில் இருப்பதையும், ஊசியின்போதோ சற்று முன்போ தாய்ப்பால் கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது.

குழந்தைக்கு விளக்கம் எதற்கு என்று நினைப்பவருக்குச் சைவ மரபே விடை தருகிறது. வயதில் மூத்த அருணந்தி, சிறு பிள்ளையாக இருந்த மெய்கண்டாரைக் குருவாக ஏற்றார் என்பது அம்மரபு போற்றும் வரலாறு. வயது உடலுக்கு உரியது, உயிருக்கு அன்று; அதனால் குழந்தையிடமும் உண்மை சொல்ல வேண்டும். சுருங்கச் சொன்னால், குழந்தைக்கு மருத்துவம் செய்வது வினைக்கு எதிரானது அல்ல. குழந்தைக்கு வலி தருவது தவிர்க்க முடியாதபோது முறையானதே. அதனிடம் பொய் சொல்வது மட்டும் முறையாகாது.