எது துணை?

கோயிலில் மூலவருக்கு அதிகமான சாமான்கள் தேவைப்படுவதில்லை. கருவறையில் நின்ற இடத்தில் நிற்கிறார். ஒரு வஸ்திரம், ஒரு மாலை, ஒரு விளக்கு இருந்தால் அவருடைய நாள் கழிந்துவிடுகிறது. வெளியே புறப்படுகிற உற்சவருக்குத்தான் வாகனம், குடை, சாமரம், தீவட்டி, தோள் கொடுக்க ஆட்கள் என்று ஒரு பட்டாளமே வேண்டியிருக்கிறது. எங்கள் உத்தமபாளையம் காளாத்தீஸ்வரர் கோயிலானாலும் சரி, வேறெந்த ஊர்க் கோயிலானாலும் சரி, இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரிடத்தில் இருப்பதற்குச் செலவு குறைவு. ஊர் சுற்றப் புறப்பட்டால் உபசாரம் கூடிவிடுகிறது.

வீடியோ கேம் என்னும் விளையாட்டுச் சாமானிலும் மூலவர், உற்சவர் என்று இரண்டு வகை உண்டு. டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வயரோடு கட்டுண்டு கிடப்பது மூலவர். கையில் பிடித்துக்கொண்டு திண்ணையிலும் பஸ்ஸிலும் போர்வைக்குள்ளும் ஆடக்கூடியது உற்சவர். இந்த இரண்டாவது வகையை வாங்கியவர்கள் அதோடு நிற்க முடிவதில்லை. உறை வேண்டும், திரைமேல் ஒட்டக் கண்ணாடி வேண்டும், மெமரி கார்டு, இன்னொரு சார்ஜர், கைப்பிடி, தாங்கி, ஹெட்போன் எல்லாம் வேண்டும். கடைக்காரர்கள் இவற்றைச் சேர்த்து ‘ஆக்ஸசரீஸ்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் துணைப்பொருள் என்கிறோம். நம்முடைய சொல் கொஞ்சம் சங்கடமானது. துணை என்று சொன்ன உடனே, யாருக்குத் துணை என்ற கேள்வியும் கூடவே வந்து நின்றுவிடுகிறது. கருவிக்கா, அதை வைத்து ஆடுகிற பிள்ளைக்கா, அல்லது வாங்கித் தந்தவர்களின் பயத்துக்கா?

இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டுச் சாமானுக்குச் செலவிடும் காசிலும் ஒரு வீட்டின் நியாய அநியாயம் தெரிந்துவிடுகிறது.

துணைப்பொருள் எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் கருவியில் இல்லாத ஒன்றிலிருந்துதான். 1989-ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி ‘கேம் பாய்’ என்ற கைக்கருவியை வெளியிட்டது. அதைச் செய்த பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் குன்பெய் யோக்கோய். அதன் திரையில் வர்ணம் இல்லை, விளக்கும் இல்லை. மங்கலான பாசி நிறத்தில் கறுத்த உருவங்கள் நகரும். வர்ணமும் வெளிச்சமும் அப்போதே சாத்தியமாகத்தான் இருந்தன. அடுத்த ஆண்டு சேகா கம்பெனி ‘கேம் கியர்’ என்று அவை இரண்டும் உள்ள ஒன்றைக் கொண்டுவந்தது. அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பழகிப்போய் விலை மலிந்த நுட்பத்தை எடுத்துப் புதிய வழியில் உபயோகிக்க வேண்டும் என்பது யோக்கோயின் கொள்கை. ஆகவே அங்கே விளக்கு இல்லாதது மறதியினால் அல்ல. யோசித்துச் செய்த தீர்மானம்.

அந்தத் தீர்மானத்தின் நிழலில் ஒரு வியாபாரம் முளைத்தது. பூதக்கண்ணாடியும் விளக்கும் சேர்ந்த ‘லைட் பாய்’ என்ற மூடியைத் திரைக்குமேல் மாட்டினார்கள். உற்சவருக்குத் தீவட்டி! அதற்குத் தனியாகப் பேட்டரி. ‘ஹாண்டி பாய்’ என்று ஒன்று ஒலிபெருக்கிகளையும் பூதக்கண்ணாடியையும் கைப்பிடியையும் சேர்த்தே ஏற்றியது. கைக்கு அடக்கமாக இருந்த சாமான் கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி ஆகிவிட்டது.

அதே கேம் பாய்க்கு இன்னொரு துணைப்பொருளும் இருந்தது. ஒரு சாதாரண வயர். இரண்டு கருவிகளை இணைப்பது அதன் வேலை. சதோஷி தஜிரி என்பவர் சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பிரியம் உள்ளவர். அந்த வயர் வழியாகப் பூச்சி ஒன்று ஊர்ந்து அடுத்தவன் கருவிக்குப் போவதுபோல் அவர் மனத்தில் ஓடிய கற்பனைதான் 1996-இல் ஜப்பானில் ‘போக்கிமான்’ ஆயிற்று. அதைச் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பாகப் போட்டார்கள். சில பிராணிகள் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்படுகிறவன் இன்னொரு பையனைத் தேடித்தான் ஆகவேண்டும். லைட் பாயும் துணைப்பொருள், வயரும் துணைப்பொருள். ஒன்று இருட்டில் தனியாக ஆட உதவியது. மற்றது அவனை எழுப்பி அடுத்த வீட்டுக்கு அனுப்பியது.

இவ்வளவையும் நான் யோசிக்க நேர்ந்தது என் தங்கை வீட்டுக் காரியத்தினால். அவள் கணவர் வளைகுடாவில் வேலையாக இருக்கிறார். இந்தத் தடவை லீவில் வரமுடியவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் பிள்ளைகளுக்கென்று ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட்’ ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். பையனுக்குப் பதினொரு வயது. அவன் தங்கைக்கு ஏழு. கருவி வந்த மூன்றாம் நாள் பையன் நோட்டுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மாமா, இதெல்லாம் வாங்கணும். நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க.”

கெட்டி உறை, கண்ணாடி, 512 ஜி.பி. கார்டு, கைப்பிடி, டி.வி.யோடு இணைக்கிற டாக் என்று வரிசையாக எழுதியிருந்தான். கடைசிச் சாமானை உடனே அடித்துவிட முடிந்தது. டி.வி.யில் படம் காட்டும் வசதி 2017-இல் வந்த பெரிய ஸ்விட்சில்தான் உண்டு. 2019 செப்டம்பரில் வந்த லைட்டில் அது கிடையாது. எந்த டாக்கை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. கைப்பிடியையும் அவன் கை வலிக்கிற காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கார்டு விஷயம் அப்படியல்ல. லைட்டுக்குள் இருக்கும் இடம் 32 ஜி.பி. அதிலும் ஒரு பகுதியைக் கருவியே எடுத்துக்கொள்கிறது. விளையாட்டுகளை இணையத்தில் இறக்கிக்கொள்கிறவனுக்குக் கார்டு அவசியந்தான். கடையில் விற்கும் சின்னஞ்சிறு கேம் கார்டுகளை வாங்கி ஆடுகிறவனுக்கு அவ்வளவு அவசரம் இல்லை; அதை ஆடி முடித்தபின் நண்பன் கையில் கொடுத்தும் அனுப்பலாம். மலிவு விலை மெமரி கார்டுகளில், மேலே ஓர் அளவும் உள்ளே வேறோர் அளவுமாகப் போலிகள் நடமாடுகின்றன. இன்னொன்று, 2025 ஜூனில் வெளிவந்த ஸ்விட்ச் 2-இல் விளையாட்டுகளை வைக்க ‘எக்ஸ்பிரஸ்’ வகைக் கார்டுதான் வேண்டும். பழைய கார்டு அங்கே செல்லாது. நாளைக்கு வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே வாங்கிக் குவித்தால் இப்படித்தான் நாளை வேறு முகத்தோடு வந்து நிற்கும். “இருக்கிற இடம் நிறையட்டும், அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டேன்.

உறையும் கண்ணாடியும் என் தங்கையின் கட்சி.

“அண்ணே, மொதல்ல அத வாங்கிக் குடுங்க. கீழ போட்டு ஒடச்சுப்பிட்டான்னா அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

நம் வீடுகளில் டி.வி. ரிமோட் பாலிதீன் உறைக்குள்ளேயே ஆயுளைக் கழித்துவிடுகிறது. பட்டன் எழுத்து அழியாமல் இருக்கும். உறை அழுக்கேறி அந்த எழுத்துத் தெரியாமலும் இருக்கும். இதைப் பரிகாசம் செய்வது சுலபம். ஆனால் என் தங்கை காப்பாற்ற நினைப்பது ஒரு பிளாஸ்டிக் பெட்டியை அல்ல. கொளுத்துகிற வெயிலில் நின்று ஒருவர் சம்பாதித்த சில நாட்கள் அதற்குள் இருக்கின்றன. அது கீழே விழுந்தால் உடைவது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அதற்காக அது கேட்கிறதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. பயத்துக்கு வயிறு நிறைவதே இல்லை. கண்ணாடி ஒட்டினால் உறை கேட்கும். உறை வாங்கினால் பீரோ கேட்கும். பீரோவுக்குள் வைத்தால் சாவியை இடுப்பில் செருகச் சொல்லும். பிறகு கருவி பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் அதைத் தொடாமல் இருப்பார்கள்.

கண்ணாடியை வாங்கினோம். அது நியாயமான செலவு. சில நூறு ரூபாயில் முடிந்தது. லைட்டின் திரை 5.5 அங்குலம், பெரிய ஸ்விட்சின் திரை 6.2 அங்குலம் என்று அளவு பார்த்து வாங்க வேண்டும். பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள செல்போன் கடைகளில் பொருத்தமானது இல்லை, தபாலில் வரவழைத்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பேச்சே இல்லாததால் கெட்டி உறை வேண்டாம் என்று தீர்த்து, தையற்கடையில் பழைய போர்வைத் துணியை மடித்து ஒரு பை தைத்துக்கொண்டோம்.

இதற்குள் அந்தத் தாளை நான் நான்கைந்து தடவை படித்துவிட்டேன். சின்னவளுக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

“ரெண்டு பேருக்கும்னுதானேடா அப்பா குடுத்துவிட்டாரு?”

“அவளுந்தான் பாக்குறா, மாமா” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பெரிய ஸ்விட்சின் இரு பக்கங்களிலும் ‘ஜாய்-கான்’ என்று இரண்டு சிறிய கைக்கருவிகள் இருக்கின்றன. கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஆடலாம். லைட்டில் அவை உடம்போடு ஒட்டியவை; கழற்ற முடியாது. சிறிதாகவும் மலிவாகவும், ஒருவர் கையில் வைத்து ஆடுவதற்கென்றே செய்தது அது. தகப்பனார் கடையில் தம் கைக்கு எட்டிய விலையைப் பார்த்திருப்பாரே தவிர இதையெல்லாம் விசாரித்திருக்க மாட்டார். லைட்டில் இருவர் சேர்ந்து ஆடவேண்டுமானால் ஒரு ஜோடி ஜாய்-கான் தனியாக வாங்கவேண்டும். நிற்பதற்கு அதன் முதுகில் கால் இல்லாததால் தாங்கியும் வேண்டும். 2019-இல் அமெரிக்காவில் லைட்டின் விலை சுமார் 200 டாலர். ஒரு ஜோடி ஜாய்-கான் சுமார் 80 டாலர். ஐந்தில் இரண்டு பங்கு! பயத்துக்கு வேண்டிய துணைப்பொருள்தான் சந்தையில் மலிவு. கூட ஒரு மனுஷருக்கு இடம் கொடுக்கிற துணைப்பொருளுக்கு விலை இப்படி இருக்கிறது.

எதைத் தேவை என்பது, எதை ஆசை என்பது என்று தர்மசாஸ்திரக்காரர்கள் வாதம் செய்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பது. பையன் கேட்டவை எல்லாம் விளம்பரத்தில் பெயர் உள்ள பொருள்கள். அந்தச் சிறுமிக்கு என்ன குறை என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அதற்குப் பெயர் சொல்லிக் கேட்க எந்தக் கடையும் இல்லை. பெயருள்ள ஆசைகள் தாளில் ஏறிவிடுகின்றன. பெயரில்லாத குறை தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் கல் தூண்களும், மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கம்பிகளும்தான் முதலில் கண்ணில் படும். செடியைவிடச் செலவு பந்தலுக்குத்தான். அதை ஆடம்பரம் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். சின்னக் கன்றுக்குத் துணை ஒரு குச்சி. கொடி தலைக்குமேல் வளர்ந்தபின் துணை பந்தல். கொடியைப் பார்த்துத் துணையைத் தீர்மானிக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று முல்லையாற்றங்கரை விவசாயி ஒருவரிடம் சொன்னால், ‘ஒரு மூங்கில் குச்சி போதுமே!’ என்றுதான் சொல்வார். கணக்கில் அவர் சொல்வதே சரி. ஆனால் பாரி தேரைக் கொடுத்தான் என்பதை விட, வாய் திறந்து கேட்கத் தெரியாத ஒன்று தவிக்கிறதைக் கண்டான் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

“மாத்தி மாத்தி வெளையாட வேண்டியதுதானே? இதுக்குப் போயி இம்புட்டுக் காசா?” என்று கேட்டாள் என் தங்கை. நியாயமான கேள்வி. ஓர் ஊஞ்சலில் முறை வைத்து ஆடித்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். ஆனால் முறை வைத்து ஆடுவது வேறு, சேர்ந்து ஆடுவது வேறு. முறை வைத்தால் எப்போதும் ஒருவர் காத்திருக்கிறார். அடுத்தவர் எப்போது தோற்பார் என்று பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார். சேர்ந்து ஆடும்போது தோற்றாலும் அது இருவர் தோல்வி. அந்தச் சிறிய திரையில் இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளும் என்பது உண்மை. முட்டிக்கொள்ளட்டும் என்றேன்.

கார்டுக்கும் கைப்பிடிக்கும் ஆகிற பணத்தை மிச்சம் பிடித்து, நானும் கொஞ்சம் போட்டு, ஜாய்-கான் ஜோடியைப் புதிதாகவே வாங்கினோம். பழையது மலிவாகக் கிடைத்தது. ஆனால் தொடாமலே குச்சி ஒரு பக்கமாக நகர்கிற கோளாறு அந்தச் சாமானுக்குப் பிரசித்தம். தாங்கி வாங்கவில்லை. என் தாயார் கந்தபுராணம் வைத்துப் படித்த சிக்குப்பலகை பரணில் கிடந்தது. லைட் அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. ஜாய்-கானுக்கு லைட் மின்சாரம் கொடுக்காது. அதற்குச் சார்ஜிங் கிரிப் என்று இன்னொரு துணைப்பொருள் விற்கிறார்கள். ஒரு தடவை நிரப்பினால் சுமார் 20 மணி நேரம் வரும். தீர்ந்துவிட்டால், இரண்டு தெரு தள்ளிப் பெரிய ஸ்விட்ச் வைத்திருக்கும் பள்ளித் தோழன் வீட்டுக்கு அண்ணனும் தங்கையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே மாட்டி நிரம்புவதற்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. அதுவரை அங்கே தெருவில்தான் ஆட்டம். கிரிப்பை நான் இன்னும் வாங்கவில்லை.