கன்று வீசிய மாடு

நெமிலிச்சேரியில் ரயில் பாதைக்கும் வெளிவட்டச் சாலைக்கும் அக்கம்பக்கத்தில் இன்னும் மாடு கட்டியிருக்கிறார்கள். வயல்கள் மனைகளாகிவிட்டன. காலி மனைப் புல்லையும் கடைத் தவிட்டையும் நம்பி இரண்டு மூன்று கறவைகளோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இவர்கள். இப்படியொரு வீட்டில் ஏழு மாதச் சினைமாடு கன்று வீசிவிட்டால் சூடு என்பார்கள், வழுக்கி விழுந்தது என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். புரூசெல்லா என்ற கிருமியின் நினைப்பு யாருக்கும் வராது. கால்நடைத் துறையின் முகாம் அறிவிப்புகளில் இதற்குப் பெயரே கன்று வீச்சு நோய்தான்.

இந்த நோய் மாட்டைக் கொல்வதில்லை. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம். பெரும்பாலான மாடுகள் ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்றே போடலாம், பாலும் கறக்கும். குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். கிருமியோ மடியில் தங்கிப் பாலிலும், ஈனும்போது பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் வெளியேறிக்கொண்டிருக்கும். புரூசெல்லா மனிதரையும் தாக்கும். மால்டா தீவில் காய்ச்சலில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் இக்கிருமியின் ஒரு வகையை 1887இல் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய 18 ஆண்டுகள் ஆயின. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். நோயின் சுவடே இல்லாமல் நன்றாகத் திரிந்த ஆடுகளிடம்தான் கிருமி இருந்தது. படையினர் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் சட்டென்று குறைந்தது.

நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்கள் குறைவு. அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து பதப்படுத்தி வரும் பாலிலும் கிருமி பிழைக்காது. அதனால் பால் வாங்குகிற வீட்டைவிட, மாட்டின் பின்னால் நிற்கிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நஞ்சு விழாமல் மாடு தவிக்கும்போது, முழங்கைவரை எண்ணெய் தடவி உள்ளே கைவிட்டு எடுக்கிறார்கள். புல் அறுத்த அரிவாளின் கீறல் ஆறாத கை அது. செத்த கன்றையும் நனைந்த வைக்கோலையும் வாரிப்போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் உண்டு. நாய் இழுக்காது என்கிற அளவில் அது நல்லதுதான். ஆனால் கன்று வீசிய மாட்டினுடையதை ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுத்தான் புதைக்க வேண்டும்.

கிருமி தொற்றினால் சில வாரங்களில் அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் ஏறும், இரவில் உடம்பு வியர்த்துக் கொட்டும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். டைஃபாய்டு என்று மாத்திரை தருவார்கள். அடங்கும், மறுபடி வரும். டாக்ஸிசைக்ளினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்து ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் தீரக்கூடிய நோய் இது. வீட்டில் மாடு இருக்கிறதா என்று யாரும் கேட்காததால் மாதக்கணக்கில் இழுக்கிறது.

இங்கே எத்தனை மாடுகளுக்கு இருக்கிறது? மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ரோஸ் பெங்கால் சோதனைக்கு ஒரு சொட்டு சீரமும் சில நிமிடங்களும் போதும். ஆனால் மாட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். திறந்தால் வாடிக்கை போய்விடும், மாடும் விலை போகாது. ஓசைப்படாமல் தரகரிடம் தள்ளிவிட்டால் சந்தை வழியாக நோய் இன்னொரு தொழுவத்துக்குப் போகும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்றுநோயை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அழித்தால் அரசு இழப்பீடு தருகிறது. கன்று வீசிய மாட்டைப் பற்றி உண்மை சொன்ன ஒருவருக்கு எதுவும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்திரேலியா 1970இல் தொடங்கி, சோதித்து, நோய் கண்ட மாடுகளை வெட்டி, ஈட்டுத்தொகையும் கொடுத்து 1989இல் இந்த நோயிலிருந்து விடுபட்டது. இங்கே பசுவை வெட்ட முடியாது, வெட்டச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அப்படியானால் அந்தப் பசுவை அரசு விலை கொடுத்து வாங்கித் தனியாகப் பராமரிக்கட்டும்.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கெதிராக வாழ்நாளில் ஒரே தடுப்பூசி போடுகிறார்கள். அவசியமான திட்டம். ஆனால் தொழுவத்தில் ஏற்கெனவே நிற்கும் மாடுகளிடமிருந்து அது யாரையும் காக்காது. அந்த மாடுகள் ஈன்று முடியும்வரை, சினை ஊசி போட வருகிறவர் கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நீளமான கையுறை இரண்டு சோடி கொடுத்தனுப்பலாம்.