நாலு வயதுக்கு எதற்கு டை?

தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேரும் பிள்ளையின் வீட்டுக்கு மே மாதக் கடைசியில் ஒரு சீட்டு வரும். வழக்கமான யூனிஃபார்ம் மூன்று செட். புதன்கிழமைக்கு 'ஹவுஸ்' நிறத்தில் டி-ஷர்ட், டிராக் பேண்ட். கறுப்பு ஷூ ஒரு ஜோடி, வெள்ளை ஷூ ஒரு ஜோடி, இரண்டுக்கும் தனித்தனி சாக்ஸ். பள்ளியின் பெயர் பொறித்த கொக்கி வைத்த பெல்ட். கழுத்தில் மாட்ட எலாஸ்டிக் டை. போதாக்குறைக்கு பேட்ஜ், அடையாள அட்டை, சில பள்ளிகளில் புத்தகப் பையும். சீட்டின் கீழே, இவற்றை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். அது வேண்டுகோள் போலத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் துணி வேறு கடையில் கிடைக்காது.

இத்தனையும் மூன்றரை, நாலு வயதுப் பிள்ளைக்கு. அவசரத்துக்கு டிராயரைத் தானாக இறக்கிக்கொள்ளத் தெரியாத வயதில் இடுப்பில் பெல்ட். ஆயாம்மா ஓடிவந்து கொக்கியைக் கழற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும். மதியம் வீட்டுக்கு வரும்போது பெல்ட் பைக்குள்ளும் டை தண்ணீர் பாட்டிலின் கழுத்திலும் இருப்பதை எல்.கே.ஜி. பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

சின்னப் பிள்ளையின் சீருடைக் கணக்கு பெரியவர் உடைக் கணக்கு மாதிரி இல்லை. நாற்பது வயதுக்காரர் ஒரு நல்ல சட்டையை ஐந்து வருடம் போடலாம். நாலு வயதுப் பிள்ளை வருடத்துக்குச் சுமார் ஆறு சென்டிமீட்டர் வளர்கிறது. துணி கிழிவதற்கு முன்பே அளவு முடிந்துவிடும். ஷூ இன்னும் மோசம். மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே விரல் முட்டும். குழந்தை 'ஷூ கடிக்குது' என்று அழும். செட் ஒன்றுக்கு 900 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று செட், ஹவுஸ் செட், இரண்டு ஜோடி ஷூ, மற்ற சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தொட்டுவிடும். வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் பத்தாயிரம். அதுவும் எப்போது? ஃபீஸின் முதல் தவணை, நோட்டுப் புத்தகம், வேன் பணம் எல்லாம் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும் ஜூன் மாதத்தில். பள்ளி திறக்கும் வாரத்தில் வளையல் அடகுக் கடைக்குப் போவது பல வீடுகளில் வருடந்தோறும் நடப்பதுதான்.

முன்பெல்லாம் இதற்குத் தையல்காரரிடம் ஒரு வழி இருந்தது. "வளர்ற புள்ள, உள்ள ரெண்டு இஞ்ச் மடிச்சு விட்டுத் தைங்கண்ணே" என்று அம்மாக்கள் சொல்வார்கள். அவரும் பாவாடையின் அடியிலும் கால்சட்டை நுனியிலும் தாராளமாக மடித்துத் தைப்பார். அடுத்த ஜூனில் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்னொரு வருடம் ஓடும். ஒரே ஒரு சங்கடம். மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி புது நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். போன வருடத்துப் பாவாடை என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் பட்டை அது. இன்றைய ரெடிமேட் சீருடையில் அந்தச் சங்கடம் இல்லை, மடிப்பே இல்லை. ஓவர்லாக் அடித்து அரை இஞ்சில் முடித்துவிடுகிறார்கள்.

யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சட்டை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தமிழ்நாட்டில் சீருடை ஊர் ஊராகப் பரவியது. காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலம் அது. 1956இல் மதிய உணவு தொடங்கியது. தொடர்ந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பள்ளிக்குக் கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். வண்டி வைத்திருப்பவர் மகனும் வண்டி ஓட்டுபவர் மகனும் ஒரே நிறத்தில் உட்காரட்டும் என்ற நினைப்பில் சொல்வதற்குக் குறை இல்லை. அதற்கான காசு பிள்ளையின் வீட்டிலிருந்து வரவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அந்த வழக்கத்தை அரசு விடவில்லை. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. 1985இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வந்தது. வருடத்துக்கு ஒரு செட். அதைத் துவைத்துக் காயப்போட்டு, மழைக்காலத்தில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்த தலைமுறை ஒன்று இன்று ஐம்பதைத் தொட்டு நிற்கிறது. 2012-13இலிருந்து ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நான்கு செட். துணியைக் கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் நெய்கின்றன, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு வேட்டி சேலை ஆர்டரைப் போலச் சீருடை ஆர்டரும் பிழைப்பு. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிச் சீருடையைக் கைத்தறியிலேயே நெய்து கொடுக்கிறார்கள். பிள்ளைக்குத் துணியும் நெசவாளிக்குக் கூலியும் ஒரே செலவில் முடிகின்றன.

இலவசச் சீருடையில் குறை இல்லாமல் இல்லை. தோள் இறங்கி, கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும் சட்டைகளை எந்தத் தொடக்கப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். சில ஊர்களில் வாங்கிய கையோடு தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கூலி தனி. ஆனாலும் இந்தத் திட்டத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. தொடக்கப் பள்ளியின் பச்சைக் கட்டம் போட்ட சட்டை திருவள்ளூரிலும் அதே சட்டை, தென்காசியிலும் அதே சட்டை. அக்கா போட்டது தங்கைக்கு ஆகும், எதிர்வீட்டுப் பையனுக்கும் ஆகும். குடும்பம் வேலை தேடி வேறு மாவட்டத்துக்குப் போனால் பெட்டியோடு அதுவும் போகும்.

தனியார் பள்ளிச் சீருடை இதற்கு நேர் எதிர். ஒரே தெருவில் மூன்று பள்ளி இருந்தால் மூன்று கட்டம், மூன்று கோடு, மூன்று நீலம். துணியின் அச்சைக்கூட அந்தப் பள்ளிக்கென்றே போடுகிறார்கள். சட்டைப் பையில் ஒட்டினால் போதுமான முத்திரையைச் சட்டையிலேயே எம்பிராய்டரி செய்கிறார்கள். பணக்காரர் ஏழை என்ற வேறுபாட்டை மறைக்க வந்த சீருடை இன்று இந்தப் பள்ளி அந்தப் பள்ளி என்ற வேறுபாட்டைக் காட்டுவதற்காகத் தைக்கப்படுகிறது. பெற்றோர் தலையில் ஏறும் செலவில் பெரும்பகுதி பருத்தியின் விலையால் வருவதில்லை, இந்தத் தனித்துவத்தால் வருகிறது. வெள்ளைச் சட்டையையும் நீல டிராயரையும் பத்துக் கடையில் விலை கேட்டு வாங்கலாம். பள்ளிக்கென்றே அடித்த கட்டத்தை ஒரே கடையில்தான், சொன்ன விலைக்குத்தான் வாங்க முடியும். இரண்டு வருடம் கழித்து நிர்வாகம் டிசைனை மாற்றினால் அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது. வீடு துடைக்கத்தான் ஆகும்.

மத்திய அரசு என்ன கணக்குப் போடுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் இரண்டு செட் சீருடைக்கு ஒரு பிள்ளைக்கு 600 ரூபாய். 2018க்கு முன்பு அது 400ஆக இருந்தது. ஆக, செட் ஒன்றுக்கு 300 ரூபாய். மொத்தமாக நெய்து மொத்தமாகத் தைக்கும் அரசுக்கே அது இழுபறி என்பது வேறு விஷயம். தனியார் பள்ளிச் சீட்டோடு அதை வைத்துப் பார்த்தால், நடுவில் இருக்கும் தூரம் முழுவதையும் துணியின் தரம் என்று யாரும் வாதிட முடியாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. பள்ளிகள் கடை நடத்தக் கூடாது, குறிப்பிட்ட கடையில்தான் சீருடை வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பியது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தில் சேரும் பிள்ளைகளின் புத்தகம், சீருடைச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஃபீஸ் இல்லை என்று நம்பிச் சேர்த்த ஏழைப் பெற்றோர் சீருடைக் கவுன்ட்டரில் திகைத்து நின்றதால் வந்த வழக்கு அது. சுற்றறிக்கைக்குப் பிறகு சில பள்ளிகள் வளாகத்துக்குள் இருந்த கவுன்ட்டரை மூடின. கடை எதிர்த் தெருவுக்குப் போனது.

இங்கிலாந்தின் கதை இதைவிடச் சுவாரசியம். அங்கேயும் இதே முத்திரைத் தொல்லைதான். சீருடைச் செலவு பற்றி 2021இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டது. பள்ளி முத்திரை உள்ள உருப்படிகளைக் குறைவாக வையுங்கள், பழைய சீருடை கைமாற வழி செய்யுங்கள் என்று அதன்படி வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. அதுவும் போதாதென்று, முத்திரை உள்ளவை மூன்றுக்கு மேல் கூடாது, நடுநிலைக்கு மேல் டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2024 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் உடைக்கும் ஷூவுக்கும் அங்கே வாட் வரி கிடையாது. நம் ஜி.எஸ்.டி. குழந்தை உடை, பெரியவர் உடை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. டையை உலகத்துக்கு அனுப்பிவைத்த நாடே எண்ணிக் கட்டுகிறது. மதுரையில் மே மாத வெயிலின் சூடு ஆறாத ஜூனில் நாம் எல்.கே.ஜி. பிள்ளைக்கு மாட்டுகிறோம்.

இலங்கையில் 1993இல் பிரேமதாசா ஆட்சியில் எல்லா அரசுப் பள்ளி மாணவர்க்கும் இலவசச் சீருடைத் துணி தொடங்கியது. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த பிறகு 2023இல் அந்தத் துணியின் பெரும்பகுதி சீன நன்கொடையாக வந்திறங்கியது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற தேசம்கூடப் பிள்ளைகளின் வெள்ளைத் துணியை நிறுத்தத் துணியவில்லை. வெள்ளைக்குச் சோப்பும் சொட்டு நீலமும் அம்மாக்கள் கணக்கில்தான் ஏறுகின்றன என்பது இன்னொரு பக்கம்.

சீருடை இல்லாததால் பிள்ளை பள்ளிக்கு வராமல் போகுமா என்று கேட்பவர்களுக்குக் கென்யாவில் பதில் உண்டு. டேவிட் எவன்ஸ், மைக்கேல் கிரீமர் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் அங்கே குலுக்கல் முறையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்துப் பார்த்தார்கள். கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது வெகுவாகக் குறைந்தது. அதுவரை சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாகக் குறைந்தது. பல வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, படிப்பில் அந்தப் பலன் தங்கியிருக்கவில்லை. சட்டை பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவரும், அவ்வளவுதான். உள்ளே நடக்க வேண்டியதை டையும் பெல்ட்டும் செய்துவிடாது.

பள்ளிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சுற்றுலா போன இடத்தில் நாற்பது வாண்டுகளை ஒரே நிறத்தில் எண்ணுவது சுலபம். ஆளுக்கொரு கடையில் வாங்கினால் நாற்பது விதமான நீலம் வரும். பெற்றோரையும் சும்மா விட முடியாது. டை இல்லாத பள்ளியை 'இங்கிலீஷ் மீடியம் மாதிரியே இல்லையே' என்று முகம் சுளித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதல் நாள் வாசலில் டையோடு நிறுத்தி போட்டோ எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டவர்களும் நாமே. அந்த ஆசையைத் தெரிந்துதான் சீட்டில் டை ஏறியது. பிள்ளை கேட்டு ஏறவில்லை. பிள்ளைக்குப் பிடித்தது பிறந்தநாளுக்குப் போட்டுப் போகும் கலர் டிரஸ்தான்.

சீருடையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பெல்ட், டை, ஹவுஸ் டிரஸ் மூன்றும் வேண்டாம். எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒற்றை நிறச் சட்டையும் எலாஸ்டிக் இடுப்பு டிராயரும் அல்லது பாவாடையும் போதும். பள்ளி முத்திரையைத் தனித் துணித்துண்டாகக் கொடுத்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம், சட்டை சின்னதானதும் பிரித்து அடுத்த சட்டைக்கு மாற்றலாம். வெல்க்ரோ வைத்த ஒரு ஜோடி ஷூ வாரம் முழுவதற்கும் காணும். அளவு சின்னதான சீருடைகளை ஆண்டு இறுதியில் பள்ளியே வாங்கி வைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். இலவசம் என்று அறிவித்தால் கூச்சப்படுவார்கள். எல்லோரும் பழையதைக் கொடுத்துப் பெரிய அளவு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால் வசதி உள்ளவர்களும் வருவார்கள்.

இதையெல்லாம் ஜூன் மாதம் கவுன்ட்டரில் நின்று பேசிப் பலன் இல்லை. அதற்குள் துணி நெய்து, வெட்டி, பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். அடுத்த ஆண்டுச் சீருடைக்குப் பள்ளிகள் ஆர்டர் கொடுப்பது முந்தைய டிசம்பர், ஜனவரியில். அரையாண்டுத் தேர்வு முடிந்து நடக்கும் பெற்றோர் கூட்டத்தில், மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நிர்வாகம் சிரித்துவிட்டுப் போகும். பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள்.