பின்னடி வைத்து நடக்கும் விசுவாசம்

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு விண்ணரசைக் கடலில் வீசிய வலைக்கு ஒப்பிடுகிறார். வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொள்கிறது. நிறைந்ததும் கரைக்கு இழுக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிந்துவிடுகிறார்கள். இந்த உவமைக்கு நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் கடைசியில் நடக்கும் தரம்பிரிப்பைப் பற்றியவை. வலையை இழுத்தவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்று இழுத்தார்கள் என்பது மன்னார்த் தீவில் கரைவலைக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு முக்கியமான கேள்வி. விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு நான் அறிந்த நேரான பதில் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

எங்கள் தீவின் தெற்குக் கரை மன்னார் வளைகுடாவைப் பார்த்தது. சோளகக் காற்று அடங்கிக் கடல் படிந்த பிறகு அங்கே கரைவலைத் தொழில் தொடங்கும். வடத்தின் ஒரு முனையைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டு போய், மறுமுனை வடத்தோடு தள்ளி இன்னோரிடத்தில் கரை சேரும். நடுவில் மடி, இரண்டு பக்கமும் நீண்ட கைவலை, அவற்றிலிருந்து கரைவரை வடம். இரண்டு அணியாய் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு வர வர இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கும்.

எங்கள் கரையில் இழுப்பவர்கள் கடலைப் பார்த்தே நிற்பார்கள். நிலத்துக்கு முதுகு காட்டி, இடுப்பு வாரை வடத்தில் கொளுவி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பின்னடி வைத்து மணலில் ஏறுவார்கள். ஏறுகிற தூரம் முடிந்ததும் வாரைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி, வரிசையில் முதல் ஆளாய் மறுபடி கொளுவுவார்கள். முகம் பார்த்து நடக்கும் அந்தச் சிறு தூரம் அவர்களுக்கு ஓய்வு. வலை அசைவதெல்லாம் பின்னடியில்தான்.

அந்த நடையை எனக்குப் பழக்கியவர் என் பெரியப்பா. பள்ளி விடுமுறையில் வடத்தின் தண்ணீர்ப் பக்க முனையில் என்னை நிறுத்தினார். ஒவ்வோர் அடிக்கும் எனக்குத் தலை திரும்பியது. முதுகுக்குப் பின்னால் கட்டையோ, நண்டு வளையோ, இழுத்து வைத்த வள்ளமோ இருக்கும் என்ற பயம்.

"திரும்பிப் பாக்காத தம்பி. மடியப் பார். கால் தன்பாட்டில போகும்."

"பின்னுக்குக் குழி இருந்தா, பெரியப்பா?"

"உனக்குப் பின்னுக்கு நிக்கிறவன் சொல்லுவான்."

அவர் சொன்னதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் இடுப்பு முறுகும். வடத்தில் நேராக விழ வேண்டிய பாரம் பக்கவாட்டில் சிதறி வடம் தளரும். தளர்ந்த வடத்தில் சாய்ந்து நிற்க முடியாது. நேராகச் சாய்ந்து, குதிக்காலை மணலில் புதைத்து, முழங்காலைச் சற்று மடித்து நின்றால் வடம் விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு வந்த பிறகுதான் நான் அறிந்தேன்: நான் எதை இழுக்கிறேனோ அதுவே என்னை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் கிடக்கும் வலையின் பாரம் இல்லாவிட்டால் அந்தச் சாய்வில் எந்த மனிதனும் மல்லாந்து விழுந்துவிடுவான். அதன் பிறகு பயம் போய்விட்டது. கண் மடியில் நிற்க, கால் மணலை அறிந்தது.

சுவிஸில் வளரும் என் மருமகள் ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வந்து, பின்பக்கமாகச் சறுக்கக் கற்றதைத் தொலைபேசியில் சொன்னாள். சாய்வு குறைந்த சரிவில்தான் தொடங்குவார்களாம். முழங்கால் மடிந்திருக்க வேண்டும். காலடிப் பலகையைக் குனிந்து பார்க்கக் கூடாது. வேகத்தை அடக்க, பலகைகளின் முன்நுனியை அகற்றிப் பின்நுனியை நெருக்க வேண்டும். ஒரு தோளுக்கு மேலாக அளவோடு பார்த்துக்கொள்ளலாம். உடம்பு முழுவதும் திரும்பினால் பலகை இழுத்துக்கொண்டு போய்விடும். எதிரே முகம் பார்த்து ஒரு தோழி கூட வந்தால் பயம் பாதி குறையும் என்றாள். பனியே பார்த்திராத என் பெரியப்பா கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பார். பின்பக்கமாக நகரும்போது துணிவு கண்ணிலிருந்து வருவதில்லை. முழங்காலிலிருந்தும், பாரத்திலிருந்தும், கூட நிற்பவரிடமிருந்தும் வருகிறது.

பங்கில் பல காலம் மறைக்கல்வி கற்பித்திருக்கிறேன். உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சேர், திரும்பிப் பாக்கிறது பாவமா?" லோத்தின் மனைவியின் கதையை அன்று வாசித்திருந்தோம். சோதோம் எரியும்போது அவள் திரும்பிப் பார்த்தாள், உப்புத்தூணானாள். உப்பளம் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தூணைக் கற்பனை செய்வது கடினமில்லை. கலப்பையில் கை வைத்த பின் திரும்பிப் பார்ப்பவன் இறையாட்சிக்குத் தகுதியற்றவன் என்ற கருத்தும் லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் குடும்பத்தில் போரில் காணாமற்போனவர் இருக்கிறார். அவள் வேதபாடத்துக்குப் பொருள் கேட்கவில்லை. தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டாள்.

கேள்வியின் பாரம் அங்கேதான் இருக்கிறது. மன்னாரில் திரும்பிப் பார்ப்பதற்கு நிறைய உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டு வள்ளங்களில் தெற்கே போனார்கள். அதே காலத்தில் எங்கள் கரைகளிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இரவோடிரவாக இராமேசுவரத்துக்கு வள்ளமேறின. 2018இல் மன்னார் நகரில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்கு நிலம் தோண்டிய இடத்தில் 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே அறிவுரைதான் சொல்லப்பட்டு வருகிறது: பழையதை மறந்து முன்னோக்கிப் பாருங்கள். மேடையிலிருந்தும் சொல்கிறார்கள், சில வேளை பீடத்திலிருந்தும் சொல்கிறார்கள்.

எங்கள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அப்படிச் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில், இறுதிப் போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகக் கணக்கின்படி, 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு மேய்ப்பர் மந்தையை எண்ணிப் பார்த்து, குறைவதைக் கண்டு கேட்ட கேள்வி அது. அதைவிடத் தெளிவாகப் பின்னே பார்த்த பார்வையை நான் கண்டதில்லை. நோயுற்று ஆயர் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் அந்தக் கேள்வியைக் கீழே வைக்கவுமில்லை, தம் பணியிலிருந்து நின்றுவிடவுமில்லை. 2021 ஏப்ரல் 1இல் இறந்தார்.

அந்தப் பிள்ளைக்காகத் தொடக்கநூல் 19ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். லோத்தின் குடும்பத்துக்குத் தூதர் சொன்னதில் இரண்டு கட்டளைகள் சேர்ந்திருக்கின்றன: திரும்பிப் பார்க்க வேண்டாம், சமவெளியில் எங்கும் நிற்க வேண்டாம். இரண்டாவது பிரசங்கங்களில் காணாமற்போய்விடுகிறது. தூண் என்பது நின்றுவிட்ட ஒன்று. அவளைத் தூணாக்கியது கண்ணா, காலா? என் மனதுக்குக் கால்தான். அதோடு, லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று இயேசுவே தம் சீடருக்குச் சொல்கிறார். அவளை நினைப்பதும் பின்னே பார்ப்பதுதானே. கலப்பைக்காரன் கதை வேறு. அவன் தொழில் முன்னே பார்த்து நடக்கும் தொழில். திரும்பினால் உழவுசால் கோணும். இயேசு கலிலேயக் கரையில் முதலில் அழைத்தவர்களோ வலைக்காரர்கள். இழுத்து வந்ததை முகத்துக்கு முகம் பார்த்தபடி, இன்னும் பார்த்திராத நிலத்துக்குள் கால் வைத்து நடந்தவர்களாய்த்தான் நான் அவர்களைக் காண்கிறேன்.

விடுதலைப் பயணம் 33ஆம் அதிகாரத்தில் மோசே கடவுளின் மாட்சியைக் காட்டுமாறு கேட்கிறார். கடவுள் அவரைப் பாறைப் பிளவில் நிறுத்திக் கையால் மூடுகிறார். கடந்து போன பிறகு கையை எடுக்கிறார். மோசேக்குத் தெரிந்தது கடந்து போனவரின் பின்புறம் மட்டுமே. எம்மாவு வழியில் நடந்த இரண்டு சீடரும் அப்படித்தான். கூட நடந்தவர் யாரென்று வழியில் அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது; அந்தக் கணமே அவர் மறைந்துபோனார். வழியெல்லாம் நெஞ்சு எரிந்ததைப் பிறகுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. கடவுளின் செயல் கடந்த பிறகே கண்ணுக்குப் புலப்படுகிறது. வருவதைப் பார்த்து அவரை நம்பு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பார்த்ததை வைத்து, பார்க்காததற்குள் கால் எடுத்து வை என்கிறார்.

இது எங்கள் கரைக்கு மட்டும் உரிய நினைப்பு அல்ல. தென்னமெரிக்க அந்தீஸ் மலையில் வாழும் அயிமாரா மக்களைப் பற்றி ரஃபாயேல் நூன்யெஸ், ஈவ் சுவீட்சர் என்ற இருவர் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த மக்களில் முதியவர்கள் முன்னோர் காலத்தைப் பேசும்போது கையை முன்னே நீட்டுகிறார்கள். வரப்போவதைப் பேசும்போது தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள். கண்டறிந்தது கண்ணுக்கு முன்னால், காணாதது முதுகுக்குப் பின்னால். கடலே இல்லாத மலைநாட்டில் வாழும் அவர்கள் கரைவலைக்காரன் நிற்கிற திசையிலேயே நிற்கிறார்கள்.

என் சைவ நண்பர் ஒருவரோடு மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்குப் போயிருந்தேன். கும்பிட்டு முடித்ததும் அவர் சன்னிதிக்கு முதுகு காட்டாமல், கூப்பிய கையோடு சில அடி பின்வாங்கினார். கூட்டம் தானாக வழி விட்டது. எங்கள் கோயிலில் சிலுவையை முத்தி செய்துவிட்டு என் அம்மம்மாவும் அப்படித்தான் பின்னடி வைப்பார். வணங்கியதை விட்டு விலக வேண்டிய வேளையிலும் முகத்தை அதற்கே கொடுத்துவிட்டு, வீட்டுக்கும் அடுப்புக்கும் நாளைய பாட்டுக்கும் முதுகுப் பக்கமாய்ப் போகிறோம். இரண்டு சமயத்திலும் அந்த அடிகளை யாரும் பயத்தோடு வைப்பதில்லை.

பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நடப்பது குருட்டுத்தனமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெரியப்பா என்னைக் குருடனாய் நடக்கச் சொல்லவில்லை. வலை வளைப்பதற்கு முன்பே அந்தக் கரையைக் காலால் அளந்து, கட்டையும் முள்ளும் பொறுக்கி வைத்திருந்தார்கள். மணல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் குதிக்கால் சொல்லும். இரண்டு அணியும் ஒத்து இழுக்கின்றனவா என்பதை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் தாளம் சொல்லும். மேலே வடம் சுருட்டுபவர் கண் இருக்கிறது. விசுவாசத்துக்கும் இப்படி ஆதாரங்கள் உண்டு: பழகிய நிலம், பிடித்திருக்கும் பாரம், ஒத்து மூச்சு விடும் ஆட்கள், நமக்கு முன் அதே மணலில் ஏறியவர்களின் சொல். இவை எதுவுமில்லாமல் கண்ணை மூடிக்கொள்ளும் துணிச்சலை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்கும் கற்பிக்கமாட்டேன்.

பின்னே பார்ப்பதில் ஆபத்தும் இருக்கிறது. பார்த்துப் பார்த்தே நின்றுவிட்டவர்களை நான் அறிவேன். இழந்த வளவையும் சுட்டவனின் முகத்தையும் தவிர வேறெதுவும் அவர்கள் கண்ணில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவரும் கூட நிற்காத வடத்தில் தனியே தொங்கியவர்கள் அவர்கள். ஆனால் காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் அதே தாய், மாலையில் பேரப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். மற்ற மகளைக் கரைசேர்க்கிறாள். அடுத்த நாள் மறுபடி வந்து அமர்கிறாள். கண் போனவன் மேல், கால் இருப்பவர்களோடு. மறந்துவிட்டு முன்னே போ என்று அவளுக்கு உபதேசிப்பவர்கள், அவள் ஏற்கெனவே எவ்வளவு தூரம் ஏறிவிட்டாள் என்று பார்க்கவில்லை.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: படத்தைப் பார், மகள். பார்க்காமல் இருக்கச் சொல்லும் கடவுளை நான் அறியேன். பார்த்துக்கொண்டே நட.

அதோடு இன்னொன்றும் சொன்னேன். வடத்தில் யாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் ஓரத்தில் தொடங்குகிறவன் ஏறி ஏறிக் கடைசி ஆளாகிறான். அவன் கழற்றி இறங்கியதும் அடுத்தவன் கடைசி ஆள். கடைசியில் நிற்பவனுக்குத்தான் பின்னாலுள்ள நிலம் கிட்ட. குழி இருந்தால் முதலில் அறிபவன் அவன். அதை உரக்கச் சொல்லும் கடமை, அந்தச் சில அடிகளுக்கு, அவனுடையது. கீழே நிற்கும் சிறுவன் திரும்பிப் பாராமல் காலை எடுத்து வைப்பது அவன் சொல்லுவான் என்ற நம்பிக்கையில். ஆகவே நம்புவது பாதி வேலைதான். நம்பி ஏறியவர்கள், தாம் இடறிய இடத்தையும் இந்தத் தீவு இடறிய இடத்தையும் கீழே இருப்பவர்களுக்கு மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் விசுவாசத்தைக் கேட்பதற்கு முன் நாங்கள் செலுத்த வேண்டிய கடன் அது.