தீர விசாரித்தல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். ஆனால் எவ்வளவு விசாரித்தால் அது தீர விசாரித்தது ஆகும்? சாட்சிகளின் எண்ணிக்கை பெருகினால் போதுமா? இவ்வினாவிற்கு, நாம் சற்றும் எதிர்பாராத இடமாகிய கருந்துளை ஆராய்ச்சியிலிருந்து தெளிவான விடை ஒன்று கிடைக்கிறது.

கருந்துளையிலிருந்து ஒளியும் தப்புவதில்லை. எனினும் அது எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை அறிஞர்கள் அளக்கிறார்கள். சுழலும் கருந்துளைக்குரிய கணிதத் தீர்வை 1963-ஆம் ஆண்டில் ராய் கெர் கண்டார். அதன்படி, கருந்துளை விரைந்து சுழலச் சுழல, அதே திசையில் அதனைச் சுற்றிவரும் வாயுத் தட்டு அதனிடம் மேலும் நெருங்கி நிலைத்திருக்க இயலும். சூரியனைப்போல் 20 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று சுழலாதிருந்தால், தட்டின் உள்விளிம்பு ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே நின்றுவிடும். உச்ச அளவில் சுழன்றால் ஏறத்தாழ 30 இலட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கும்.

அத்தட்டிலுள்ள இரும்பு அணுக்கள் எக்ஸ் கதிர் பட்டு, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒளிர்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கூர்மையாகத் தோன்றும் அந்தக் கோடு, அங்கே கடும் ஈர்ப்பினால் ஆற்றல் இழந்து, ஒரு பக்கமாக இழுபட்டு, அகன்று நம்மை வந்தடைகிறது. மிகுதியாக இழுபட்டிருந்தால் மிக அருகிலிருந்து வந்தது என்று பொருள்; மிக அருகில் என்றால் மிக விரைவான சுழற்சி. இத்தகைய அகன்ற கோட்டை, 1995-இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் வழியாக டனகா குழுவினர் தெளிவாகக் கண்டனர்.

மறுப்பும் எழுந்தது. கோடு பிறந்த இடத்தில் திரிபு ஏதும் இல்லை. இடையில் நிற்கும் வாயு மேகங்கள் கதிரின் ஒரு பகுதியை விழுங்குவதால் அப்படித் தோன்றுகிறது என்றனர் சிலர். குறைந்த ஆற்றல்களில் இரு விளக்கங்களுமே பொருந்தின. அதே வகைச் சான்றுகளை மேன்மேலும் குவித்தும் வழக்கு தீரவில்லை.

2012 ஜூனில் நியூஸ்டார் என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது. அது உயர் ஆற்றல் கதிர்களையும் காண வல்லது. அவ்வாற்றல்களில்தான் இரு விளக்கங்களும் தம்முள் பிரிகின்றன. ஏறத்தாழ 6 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 1365 என்னும் விண்மீன் மண்டலத்தை அதுவும் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் சேர்ந்து நோக்கின. மேகங்கள் அங்கே இருந்தன; ஆனால் அவற்றை மட்டும் கொண்டு கண்டதை விளக்க இயலவில்லை. சுழற்சி, உச்ச அளவில் குறைந்தது 84 விழுக்காடு என்று ரிசாலிட்டி குழுவினர் 2013-இல் அறிவித்தனர்.

இதனைப் படித்தபோது பழைய தவறு ஒன்று நம் நெஞ்சை உறுத்தியது. முன்பு நாம் பணியாற்றிய ஓர் ஊரில், சங்கக் கணக்கைப் பார்த்துவந்த பெரியவர் மூன்று மாதங்களாகக் கணக்கை ஒப்படைக்காமல் நாள் கடத்தினார். பலரையும் விசாரித்தோம். அனைவரும் ஒன்றையே கூறினர்: கணக்கு வரவில்லை. பத்துப் பேர் கூறியதால் அது பத்துச் சான்று ஆகிவிடவில்லை என்பது அன்று நமக்குப் புரியவில்லை. பெட்டிச் சாவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அதன் பின்னரே வங்கிப் புத்தகத்தைப் பார்த்தோம். வசூலுக்குச் சென்ற இளைஞன் ஒருவன் செலவழித்துவிட்ட தொகையை, அவனைக் காட்டிக்கொடுக்க மனமின்றி, அவர் தம் கைப்பணத்தால் சிறுகச் சிறுக ஈடுசெய்து வந்திருந்தார். எடுத்தவர் என்றால் இருப்பு குறைந்திருக்கும். ஈடுசெய்தவர் என்றால் ஏறியிருக்கும். இரண்டும் பிரியும் இடம் அந்தப் புத்தகம். அதை முதலில் திறக்காதது நம் குற்றம். மன்னிப்புக் கேட்டோம், மன்னித்தார். ஆனால் சாவியை மீண்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படியானால் எவரையும் ஐயுறலாகாது என்பதா? அன்று. என்.ஜி.சி. 1365-இல் மேகங்களே முழுக் காரணம் என்று கூறியிருந்தால் அது பிழையாகியிருக்கும். ஆராயாமல் குற்றஞ்சாட்டுவது அநீதி. ஆராயாமலேயே குற்றமில்லை என்பதும், இழப்புக்கு உள்ளானவருக்குச் செய்யும் அநீதியே. அது இரக்கம்போல் தோன்றும் சோம்பல்.

ஆகவே தீர விசாரித்தல் என்பது பலரைக் கேட்பதன்று. இரு விளக்கங்களும் எங்கே பிரியும் என்று எண்ணி, அங்கே சென்று பார்ப்பதாகும். பார்த்த பின்னும், "குறைந்தது இவ்வளவு" என்று அந்த அறிஞர்கள் கூறியதுபோல், அறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூறாதிருப்பதாகும். கண்ணுக்கெட்டாத ஒன்றைப் பற்றி முடிவு கூற அவர்கள் இத்துணைப் பொறுமை காட்டினர். அடுத்த வீட்டில் வாழும் மனிதருக்கு அதில் ஒரு பங்கையேனும் நாம் தர வேண்டாமா?