ஒருமுறை கேட்டால் போதுமா?

மூத்தவரிடம் ஓர் ஐயத்தைக் கேட்கிறோம். அவரும் பதில் சொல்லிவிடுகிறார். ஆனால் நம் ஐயம் தீரவில்லை. அதற்குமேல் வாய் திறவாதிருப்பது பணிவா, அல்லது கடமையில் தவறுவதா? அன்பர்களே, இது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஒருநாள் 583 பேருடைய உயிர் இக்கேள்வியைச் சார்ந்திருந்தது.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கேனரித் தீவுகளில், லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் வெடிகுண்டு ஒன்று வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான தெனரீப்புக்குத் திருப்பப்பட்டன. அது ஒரே ஓடுபாதை உள்ள சிறு நிலையம். வந்து நின்ற விமானங்கள் பக்கப் பாதையை அடைத்துக்கொண்டதால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்லவேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு மூடுபனியும் இறங்கிற்று. கோபுரத்தில் இருந்தவருக்கு விமானங்கள் தெரியவில்லை. விமானங்களுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. ரேடியோவில் வரும் சொல்லே எல்லாருக்கும் கண்ணாக இருந்தது.

ஹாலந்து நாட்டுக் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் கோடியில் திரும்பி நின்றது. அதே பாதையில், அதற்கு எதிரே, அமெரிக்கப் பான் ஆம் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். தலைமை விமானி பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் அளவுக்குத் தேர்ந்தவர். அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டத் தொடங்கியபோது, "இன்னும் அனுமதி வரவில்லை" என்று உதவி விமானி தடுத்தார். தலைவரும் நிறுத்தி, கேட்கச் சொன்னார். கோபுரம் தந்த பதில், மேலே எழும்பிய பின் செல்லவேண்டிய வழியைப் பற்றியது. எழும்புவதற்கான அனுமதி அன்று. ஆனால் 'எழும்புதல்' என்ற சொல் அதில் இருந்தது. உதவி விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே தலைவர் விமானத்தைக் கிளப்பிவிட்டார்.

கோபுரத்திலிருந்து "ஓ.கே." என்று குரல் வந்தது. "பொறுங்கள், நான் அழைக்கிறேன்" என்ற சொற்களும் தொடர்ந்தன. அதே கணத்தில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானியும் பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்களும் மோதிக் கீச்சொலியாயின. கே.எல்.எம். விமானத்தில் தெளிவாக விழுந்தது அந்த "ஓ.கே." மட்டுமே. பின்னர் நடந்த ரேடியோப் பேச்சைக் கவனித்த கே.எல்.எம். எஞ்சினியர், பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று தலைவரைக் கேட்டார். விலகியாயிற்று என்று தலைவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எஞ்சினியர் மறுபடி கேட்கவில்லை. சில விநாடிகளில் விமானங்கள் மோதின. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும், பான் ஆமில் 335 பேரும் மாண்டனர். 61 பேர் பிழைத்தனர்.

இங்கே கொடியவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் பிழை எங்கே? நன்னெறி நூலார் ஒரு பழைய உதாரணம் காட்டுவார்கள். வேடன் ஒருவன் புதரில் அசைவைக் காண்கிறான். மானோ, மனிதனோ தெரியவில்லை. அவன் அம்பு எய்யலாமா? கூடாது. மானாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று வாதிப்பது செல்லாது. பிறர் உயிர் நடுவில் நிற்கும்போது ஐயத்தைத் தீர்த்துக்கொண்ட பின்னரே செயலில் இறங்கவேண்டும். 'இருக்கும்' என்று நினைப்பது வேறு. 'இருக்கிறது' என்று அறிவது வேறு. மூடுபனியில் நின்ற அந்தத் தலைவர் எதிர்பார்ப்பையே அறிவாகக் கொண்டார்.

எஞ்சினியர் செய்தது போதுமா? கேட்டவரை அவர் ஒருவரே. அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வராது. எனினும், அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்தது பதில், தேவைப்பட்டது தெளிவு. தெளிவு பிறக்கும்வரை கேட்கும் கடமை முடிவதில்லை என்றே சொல்லவேண்டும். ஆனால் பெரும் பாரம் மேலிருப்பவரைச் சேரும். ஏனெனில் அவருடைய குரலின் உறுதிதான் கீழிருப்பவரின் வாயை அடைக்கிறது.

"கீழுள்ளவர்களெல்லாம் கேள்வி கேட்கத் தொடங்கினால் ஒழுங்கு குலையாதா?" என்று சிலர் வினவலாம். விமானத் துறையினர் கண்டது வேறு. அவ்விபத்துக்குப் பின், எழும்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் தவிர, 'எழும்புதல்' என்னும் ஆங்கிலச் சொல்லை ரேடியோவில் வழங்கலாகாது என்று விதித்தார்கள். முக்கிய உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்ல, கோபுரத்தார் அதைச் செவிமடுத்துச் சரிபார்க்கிறார்கள். மூத்தவரிடம் துணிந்து பேச இளையவருக்கும், காதுகொடுக்க மூத்தவருக்கும் பயிற்சி தருகிறார்கள். இதனால் தலைமை அழியவில்லை; விமானத்தின் பொறுப்பு இன்றும் தலைவருடையதே.

ஆயினும் விதி ஒன்றே காப்பாற்றிவிடாது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், கடலோரக் காவற்படை விமானத்துக்கு 'முதலாவது' என்று வரிசை சொல்லி, ஓடுபாதைக்கு முன் நிற்குமிடம் வரை வரச்சொன்னார்கள். அவர்களும் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் பாதையில் நுழையவே அனுமதி கிடைத்தது என்று எண்ணி உள்ளே போய் நின்றார்கள். இறங்கிவந்த பயணி விமானம் மோதிற்று. காவற்படையினர் அறுவரில் ஐவர் மாண்டனர். பயணி விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். உதடு சொன்னதை உள்ளம் கேட்கவில்லை.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 'சரி' என்று நாம் எத்தனை பொருளில் சொல்லுகிறோம்! கேட்டேன் என்பதற்கும் சரி. ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் சரி. பேச்சை நிறுத்து என்பதற்கும் சரிதான். நோயாளிக்கு எந்த மாத்திரை, எந்த வேளை, மின்சாரத்தை நிறுத்தியாயிற்றா, பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவருவது யார் என்பவற்றுக்கெல்லாம் 'சரி' பதிலாகாது. கேட்டவர் தாம் கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லட்டும். சொன்னவர் நின்று கவனிக்கட்டும். "அப்பா, நிச்சயந்தானா?" என்று மகனோ, "அத்தை, இன்னொருமுறை பார்த்துவிடலாமா?" என்று மருமகளோ கேட்டால், அதை எதிர்ப்பேச்சென்று தள்ளவேண்டாம். பெரியவர்களே, அப்படிக் கேட்பவர்களைக் கடிந்து அனுப்பினால் அடுத்தமுறை அவர்கள் கேட்கமாட்டார்கள். இளையோரே, மரியாதை குறையாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.