பூட்டின ஆலயம்

இங்கிலாந்திலே ஈம் என்றொரு சின்ன கிராமம். 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிக்கட்டோடு கொள்ளைநோயும் வந்தது. அங்கே போதகர் வில்லியம் மாம்பெசன். அவருக்கு முன்னே அந்த ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டவர் தாமஸ் ஸ்டான்லி. ரெண்டு பேருக்கும் கொள்கை ஒத்துப்போகாது. (நம்ம ஊர் கதைதான்!) ஆனாலும் 1666 ஜூனில் இருவரும் சேர்ந்து நின்று, ஊரைவிட்டு ஓடி நோயைப் பரப்பவேண்டாம் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஆலயத்தைப் பூட்டி, பள்ளத்தாக்கிலே விலகி நின்று ஆராதித்தார்கள். ஆகஸ்டில் மாம்பெசனின் மனைவி கேத்தரின் அம்மையார் மரித்தார்கள். அவர் ஓடவில்லை. அம்மையாரின் கல்லறை இன்றும் ஆலய வளாகத்தில் இருக்கிறது.

இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஒரு விசுவாசி குடும்பம் போச்சுன்னு, பக்கத்துத் தெரு போதகரோடு மூணு வருஷமாக நான் பேசவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். "உள்ளே வாங்க பிரதர்" என்றார்.